தந்தையின் போரும் நாட்டின் கடனும்

போர்களைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் உடன்படிக்கை கையெழுத்தான நாளோடு முடிந்துவிடுகின்றன. படைகள் கலைகின்றன; எல்லைகள் மாற்றி வரையப்படுகின்றன; நூலாசிரியர் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுகிறார். ஆனால் அப்போரில் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்ட சிறுவனுக்கோ சிறுமிக்கோ வேறொரு வரலாறு அந்நாளில்தான் தொடங்குகிறது. அப்பிள்ளை எந்த ஊருக்குத் திரும்புவது? அவனை நாம் குற்றவாளி என்பதா, குற்றத்துக்கு இரையானவன் என்பதா? அவன் கையால் வீழ்ந்தவர்களின் குடும்பத்தாருக்கு யார் பதில் சொல்வது? இக்கேள்விகளுக்கு விடை தேடி ஒரு நாடே இரண்டாகப் பிரிந்து நின்ற வரலாறு ஒன்றை இவ்விதழில் நாம் எண்ணிப் பார்ப்போம்.

2017-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள், கனடா அரசு தன் குடிமகன் ஒருவரிடம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அவருக்கு 1 கோடியே 5 இலட்சம் கனடிய டாலர் இழப்பீடாக அளிக்கப்பட்டதென்று செய்தி ஏடுகள் வெளியிட்டன. அவர் பெயர் ஓமர் காதர். அப்போது வயது 30. அமெரிக்கப் படைவீரர் ஒருவரைக் கொன்றதாகவும் பயங்கரவாதத்துக்குத் துணைபோனதாகவும் குற்றம் சாட்டப்பட்டு, தம் வாழ்வின் 15-ஆம் வயது முதல் 28-ஆம் வயது வரை சிறையில் கழித்தவர். செய்தி பரவியதும் நாடெங்கும் சினம் மூண்டது. ஆங்கஸ் ரீடு நிறுவனம் அதே மாதத்தில் வெளியிட்ட கருத்துக் கணிப்பில், அரசு செய்தது தவறு என்று 71 விழுக்காட்டினர் கூறினர். பத்துப் பேரில் எழுவர் பிழை என்று சொன்ன ஒரு செயல், அந்நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் காட்டிய திசையிலேயே நிகழ்ந்தது என்பதுதான் இங்கே நம் சிந்தனைக்குரியது.

தந்தை காட்டிய வழி

ஓமர் 1986-ஆம் ஆண்டு செப்டம்பரில் டொராண்டோ நகரில் பிறந்தான். தந்தை அகமது சயீது காதர் எகிப்தில் பிறந்து கனடாவில் குடியேறியவர். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அறப்பணி செய்பவராக அறியப்பட்டவர். 1995-இல் இஸ்லாமாபாத்தில் எகிப்தியத் தூதரகம் குண்டுவெடிப்பில் தகர்ந்தபோது, அதில் தொடர்புடையவர் என்ற ஐயத்தில் பாகிஸ்தான் அவரைக் கைது செய்தது. 1996-இன் தொடக்கத்தில் அந்நாட்டுக்குச் சென்ற கனடியப் பிரதமர் ழான் கிரெட்டியன், தம் குடிமகனுக்கு முறையான நீதி கிடைக்க வேண்டுமெனப் பேநசீர் பூட்டோவிடம் எடுத்துரைத்தார். பின்னர் அவர் விடுதலையானார். குடும்பம் ஆப்கானிஸ்தானுக்குச் சென்றது. பின்லேடனின் வட்டாரத்தோடு நெருங்கி வாழ்ந்தது.

2001 செப்டம்பர்த் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானில் இறங்கின. 2002-ஆம் ஆண்டுக் கோடையில், மொழிபெயர்த்து உதவும்படி தந்தையே மகனைப் போராளிகள் சிலரோடு அனுப்பிவைத்தார். பள்ளியில் அமர்ந்து பாடம் கேட்க வேண்டிய பருவத்தில் அவன் கண்ணிவெடி செய்யக் கற்றான். பிள்ளைக்கு நல்லது எது, தீயது எது என்று சொல்லித் தரும் முதல் ஆசான் தந்தையே. அந்த ஆசானே கைப்பிடித்துப் போர்க்களத்தில் விட்டுவந்தால், 'நீ ஏன் மறுக்கவில்லை?' என்று அப்பிள்ளையை எந்த அளவுக்கு நாம் கேட்க முடியும்?

அயூப் கெயில்

2002 ஜூலை 27. கோஸ்ட் நகருக்கு அருகே அயூப் கெயில் என்னும் சிற்றூரில் ஒரு சுற்றுச்சுவர் வீட்டை அமெரிக்க வீரர்கள் சூழ்ந்தனர். மணிக்கணக்கில் சண்டை நடந்தது. வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. இறுதியில் வீரர்கள் இடிபாடுகளுக்குள் நுழைந்தபோது ஒரு கையெறி குண்டு வந்து வெடித்தது. படுகாயமுற்ற கிறிஸ்டோபர் ஸ்பியர் என்ற வீரர் சில நாள்களில் உயிர் நீத்தார். அச்சண்டையில் லேன் மாரிஸ் என்ற மற்றொரு வீரர் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். முதுகில் இருமுறை சுடப்பட்டு, கண்களில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்த நிலையில் இடிபாட்டிடையே கிடந்த சிறுவன் ஓமர். பதினாறு வயது நிரம்ப இரண்டு திங்களுக்குக் குறைவான நாள்களே எஞ்சியிருந்தன.

இறந்த ஸ்பியர் யார் என்பதையும் வாசகர்கள் அறிதல் வேண்டும். அவர் படைப்பிரிவின் மருத்துவ உதவியாளர். இரு சிறு குழந்தைகளின் தந்தை. சாவதற்குச் சில நாள்களுக்கு முன், கண்ணிவெடி வயலில் காயமுற்றுக் கிடந்த இரண்டு ஆப்கன் குழந்தைகளைத் தம் உயிரைப் பொருட்படுத்தாது உள்ளே நடந்து சென்று மீட்டவர். மாற்றார் குழந்தைகளைக் காத்தவர், ஒரு சிறுவன் நின்றிருந்த களத்தில் வீழ்ந்தார். அச்சிறுவனோ ஸ்பியரைப் போன்ற மருத்துவ உதவியாளர்களின் கைகளாலேயே உயிர் பிழைத்தான். இவ்வரலாற்றில் எவரையும் எளிதில் வெறுத்துவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு நாளே சான்று.

அந்தக் குண்டை எறிந்தது யார்? அவனே என்று அமெரிக்கா நெடுங்காலம் கூறியது. ஆனால் 2008-இல் தவறுதலாக வெளியான ஓர் ஆவணம், குண்டு எறியப்பட்ட வேளையில் அவ்விடத்தில் வேறொரு போராளியும் உயிரோடு இருந்ததைக் காட்டியது.

சட்டம் ஒருபுறம், சிறை மறுபுறம்

இப்போர் நடந்த காலத்தில் உலகம் சிறார் படைவீரர்களைப் பற்றி ஒன்றும் அறியாதிருக்கவில்லை. 1996-இல் கிராசா மாஷேல் அம்மையார் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த அறிக்கை, போரில் சிறார் படும் துயரை உலகின் கண்முன் நிறுத்தியது. 2000-ஆம் ஆண்டு மே 25-இல், குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோடு ஒரு துணை நெறிமுறை இணைக்கப்பட்டது. அரசுசாராத ஆயுதக் குழுக்கள் 18 வயது நிரம்பாதவரைச் சேர்ப்பதும் போரில் பயன்படுத்துவதும் கூடாது என்றும், அவ்வாறு பயன்படுத்தப்பட்டோர் உடலும் உள்ளமும் நலம்பெற்றுச் சமூகத்தில் மீண்டும் இணைய அரசுகள் உதவ வேண்டும் என்றும் அது கூறியது. அதற்கு முதன்முதலில் ஒப்புதல் அளித்த நாடு எது? கனடாவே. அமெரிக்காவும் 2002 டிசம்பரில் ஒப்புதல் அளித்தது.

அந்த டிசம்பரில் ஓமர் எங்கே இருந்தான்? குவாண்டநாமோவில் இருந்தான். முதலில் பக்ராம் முகாமில், காயம் ஆறுமுன்னரே விசாரிக்கப்பட்டான். சிறையில் பிறரால் சிதைக்கப்பட்டுச் செத்த ஓர் இளைஞனின் கதையைப் புனைந்துரைத்து அவனை அச்சுறுத்தியதாக விசாரணையாளர் ஒருவரே பின்னாளில் சாட்சியம் அளித்தார். அக்டோபரில், 16 வயது நிரம்பிய சில வாரங்களில், அவன் குவாண்டநாமோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு வயது வந்தோரோடு அடைக்கப்பட்டான். அங்கே அவனினும் இளைய ஆப்கன் சிறுவர் மூவர் தனி இல்லத்தில் வைக்கப்பட்டு, 2004 ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்குப் பொருந்திய நெறிமுறை இவனுக்கு ஏன் பொருந்தவில்லை? வயது வேறுபாடா? அல்லது இவனுடைய தந்தையின் பெயரா?

கனடா அதிகாரிகள் அங்கே வந்தனர். தாய்நாட்டு மனிதரைக் கண்டதும் தனக்கு உதவி வந்துவிட்டதென்று சிறுவன் எண்ணினான். ஆனால் 2003-இலும் 2004-இலும் வந்தோர் உதவ வரவில்லை, விசாரிக்க வந்தனர். 2004-ஆம் ஆண்டு விசாரணைக்கு முன், மூன்று வாரங்களாக மூன்று மணிக்கு ஒருமுறை அவனை அறை மாற்றி உறங்கவிடாமல் செய்திருந்தனர் அமெரிக்கர். அதை அறிந்தே கனடா அதிகாரி அவனை விசாரித்தார். விடைகள் அமெரிக்கர் கைக்குச் சென்றன. விசாரணை அறையில் அழுது புலம்பும் அச்சிறுவனின் காட்சிப் பதிவு 2008 ஜூலையில் வெளியானபோது உலகமே அதைக் கண்டது.

2010-இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. வழக்கறிஞர் துணையின்றி, உறக்கம் மறுக்கப்பட்டு, அடைத்து வைக்கப்பட்ட ஓர் இளைஞனை இவ்வாறு விசாரித்தது நாட்டின் உரிமைச் சாசனத்தை மீறிய செயல் என்று அது ஒரே குரலில் கூறியது. ஆனால் அவனை நாடு திரும்பக் கேட்கும்படி ஆணையிடாமல், வெளியுறவு அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதென்று அப்பொறுப்பை அரசிடமே விட்டது. அரசு அவனை அழைத்துக்கொள்ளவில்லை.

அதே ஆண்டு குவாண்டநாமோ இராணுவ ஆணையத்தின் முன் அவர் ஐந்து குற்றங்களையும் ஒப்புக்கொண்டார். ஸ்பியரின் மனைவியை நோக்கி மன்னிப்பும் கேட்டார். நடுவர் குழு 40 ஆண்டுத் தண்டனை விதித்தது. முன்னரே செய்த உடன்பாட்டால் அது 8 ஆண்டாயிற்று. அந்தச் சிறையிலிருந்து வெளியேற அதைவிட வேறு வழி தெரியவில்லை என்று அவர் பின்னர் விளக்கினார்.

அவ்வேளையில் ஆணையத்துக்குக் கடிதம் எழுதி, இவர் சிறார் படைவீரராகவே நடத்தப்பட வேண்டியவர் என்று வாதிட்டவர், சிறாரும் ஆயுதப் போரும் குறித்த ஐ.நா. பொதுச் செயலரின் சிறப்புப் பிரதிநிதியாயிருந்த இராதிகா குமாரசாமி அம்மையார். அவர் இலங்கைத் தமிழர். தம் சொந்த மண்ணில் பிள்ளைகள் படையில் சேர்க்கப்பட்ட அவலத்தை அறிந்த ஒருவர், உலகின் மறுகோடியில் இருந்த ஒரு பிள்ளைக்காகப் பேசினார். அவர் பதவியிலிருந்த காலத்தில்தான், 2009-இல் போர் முடிந்தபின், இலங்கையில் 594 முன்னாள் சிறார் போராளிகள் நீதிமன்றக் கூண்டில் நிறுத்தப்படாமல் மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, ஓராண்டுக்குள் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

மக்கள் மன்றத்தில்

2012 செப்டம்பரில் காதர் கனடாச் சிறைக்கு மாற்றப்பட்டார். 2015 மே மாதம் பிணையில் வெளிவந்தார்; அரசு கடைசிவரை எதிர்த்தது. அவருடைய தண்டனையை இளையோர் தண்டனையாகவே கருத வேண்டும் என்று அதே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிற்று. தம் உரிமை மீறப்பட்டதற்காக அவர் தொடுத்திருந்த 2 கோடி டாலர் வழக்கு, 2017-இல் இழப்பீட்டோடும் மன்னிப்போடும் முடிந்தது.

எதிர்த்தவர்களின் வாதத்தை நாம் புறந்தள்ளலாகாது. 'உச்ச நீதிமன்றம் உரிமை மீறப்பட்டது என்றுதான் சொல்லிற்று. இத்தனை கோடி கொடு என்று சொல்லவில்லையே' என்றனர். 'படைவீரரை இழந்த குடும்பம் கண்ணீரில் இருக்க, வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் செல்வராவதா?' என்று கேட்டனர். இக்கேள்வியில் ஒரு நேர்மை உண்டு. ஆதரித்தவர்களோ, தோற்பது உறுதியான வழக்கை இழுத்தடித்தால் மக்கள் பணம் இன்னும் பன்மடங்கு செலவாகும் என்றனர். இது கணக்குப் பார்க்கும் விடை. நெஞ்சின் கேள்விக்கு விடையாகாது.

சற்றுப் பின்னோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அதே கனடாவில் 2007-ஆம் ஆண்டு மாகர் அரார் என்பவருக்கும் 1 கோடியே 5 இலட்சம் டாலரே இழப்பீடாகத் தரப்பட்டது. கனடா அளித்த தவறான தகவலால் அமெரிக்கா அவரைச் சிரியாவுக்கு அனுப்ப, அவர் அங்கே வதைக்கப்பட்டார். பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டபோது நாடு அதை ஏற்றுக்கொண்டது. ஏற்கக் காரணம், அரார் குற்றமற்றவர் என்று விசாரணை ஆணையம் அறிவித்திருந்தது. தொகை ஒன்றே, மன்னிப்பும் ஒன்றே, ஆனால் ஒருவருக்கு இரக்கமும் மற்றவருக்குச் சினமும் கிடைத்தன. ஆகவே மக்கள் வாதிட்டது பணத்தைப் பற்றியன்று. 'உரிமை என்பது மாசற்றவருக்கு மட்டுமா?' என்பதே அங்கே எழுந்த உண்மையான வழக்கு.

பழைய அறநூலார் இங்கே நமக்கு உதவுவர். ஈடுசெய்தலைப் பரிமாற்ற நீதியின் செயலாகக் கண்டவர் புனித தோமா அக்குவினாஸ். ஒருவனுக்குரியதை எடுத்தவன் அதைத் திருப்பித் தரக் கடன்பட்டவன் என்பதே அதன் சாரம். இக்கருத்தின்படி இழப்பீடு ஈகையும் அன்று, பரிசும் அன்று. பெறுபவன் நல்லவனா என்று ஈகையில் பார்க்கலாம். தகுதியுடையவனா என்று பரிசில் பார்க்கலாம். கடனைத் திருப்பும்போது அவ்வாறு பார்ப்பதற்கில்லை. காதருக்குத் தரப்பட்டது அயூப் கெயிலில் அவர் செய்ததற்கான கூலியன்று. விசாரணை அறையில் நாடு செய்ததற்கான கடன். இவ்விரு கணக்குகளையும் ஒரே ஏட்டில் எழுதியதே அந்நாட்டு மக்களின் மனக்குழப்பத்துக்கு வேர்.

கைம்பெண்ணின் கேள்வி

ஆயினும் இவ்விடத்தில் நாம் நிறுத்திக்கொண்டால் பாதி நீதியே பேசியவர்களாவோம். அரசின் கணக்கு தீர்ந்தது. ஸ்பியர் குடும்பத்தின் கணக்கு? 2015-இல் அமெரிக்காவின் யூட்டா நீதிமன்றம், ஸ்பியரின் மனைவிக்கும் லேன் மாரிசுக்கும் 13 கோடியே 42 இலட்சம் அமெரிக்க டாலர் தரவேண்டுமெனக் காதருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. காதர் தரப்பு அங்கே வாதிட வரவில்லை. 2017-இல் கனடாவின் இழப்பீட்டுப் பணத்தை முடக்கும்படி அவர்கள் கேட்டபோது ஒண்டாரியோ நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டத்தின் வழி அடைபட்டது. துயரம் அப்படியே நின்றது.

போர்க்களத்தில் வீழ்ந்த வீரருக்கு எதிரணிச் சிறுவனிடம் இழப்பீடு கேட்க இயலுமா என்று சட்ட அறிஞர் வாதிடலாம். ஆனால் தந்தையின்றி வளர்ந்த பிள்ளைகளிடம் சட்ட நூலை நீட்டுவது ஆறுதலாகாது. சிறார் படைவீரருக்காகப் பேசும் நல்லோர் பலர், அவர்களால் துன்புற்றோரைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகின்றனர். அந்த மௌனமே எதிர்ப்பாளரின் கையில் ஆயுதமாகிறது. பிள்ளையைப் போருக்கு அனுப்பிய தந்தையும் 2003-இல் பாகிஸ்தானில் கொல்லப்பட்டுவிட்டார். கேள்வி கேட்கப்பட வேண்டிய முதல் மனிதர் மறைந்தபின், எஞ்சிய எல்லாக் கேள்விகளும் அந்தப் பிள்ளையின் தலைமேலேயே விழுந்தன.

இன்னோர் எல்லையையும் நாம் காணவேண்டும். உகாண்டா நாட்டின் டொமினிக் ஒங்வென் சிறுவனாயிருந்தபோது பள்ளி செல்லும் வழியில் கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டவர். வளர்ந்து அப்படையிலேயே தளபதியானார். வயது வந்தபின் செய்த கொடுமைகளுக்காகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2021-இல் அவருக்கு 25 ஆண்டுத் தண்டனை விதித்தது. இளமையில் அவர் பட்ட துன்பத்தைத் தண்டனையைக் குறைக்கக் கருதிற்று. குற்றத்தைத் துடைக்கக் கருதவில்லை. 2024-இல் அவரால் துன்புற்றோருக்கு 5 கோடி யூரோவுக்கு மேல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவரிடம் பொருள் இல்லாமையால் அந்நீதிமன்றத்தோடு இணைந்த நிதியத்தை உதவும்படி கேட்டது. அந்நீதிமன்றம் 18 வயதுக்குமுன் செய்த குற்றத்துக்காக எவரையும் விசாரிப்பதேயில்லை. இரையானவர் என்பதும் பொறுப்புடையவர் என்பதும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கலாம் என்றும், துன்புற்றோரின் கண்ணீரைத் துடைக்கும் பொறுப்பைப் பிறரும் பகிரலாம் என்றும் இத்தீர்ப்பு நமக்குக் கற்பிக்கிறது. ஸ்பியர் குடும்பத்துக்கு அத்தகைய பொதுநிதி ஒன்று வாய்த்திருந்தால், ஒருவர் பெற்ற நீதி மற்றவர்க்கு அநீதியாகத் தோன்றியிராது அல்லவா?

கதவைத் திறந்தவர்கள்

கோடிகளைப் பற்றிய கூச்சலுக்கு நடுவே, அமைதியாக நடந்த ஒரு பணி பலர் கண்ணில் படவில்லை. எட்மண்டன் நகரில் கிங்ஸ் பல்கலைக்கழகம் என்ற சிறிய கிறித்தவக் கல்விக்கூடம் உண்டு. அதன் ஆசிரியர்கள் குவாண்டநாமோவில் இருந்த காதருக்குப் பாடங்கள் அனுப்பினர். கனடாச் சிறைகளுக்கு நேரில் சென்று கற்பித்தனர். பள்ளிப் படிப்பை முறையாக முடிக்காத ஒருவருக்குக் கணக்கும் இலக்கியமும் நிலநூலும் சொல்லித் தந்தனர். அவர் இசுலாமியர், அவர்கள் கிறித்தவர், அதை ஒருவரும் தடையாகக் கருதவில்லை. பிணையில் வந்த நாளில் அவருடைய வழக்கறிஞர் டென்னிஸ் எட்னியும் மனைவியும் தங்கள் இல்லத்திலேயே அவருக்கு இடம் தந்தனர். காலில் கண்காணிப்புப் பட்டையோடு அவர் அவ்வீட்டில் குடியேறினார். பின்னர் செவிலியர் பணிக்குப் படிக்க விழைந்தார். தம்மைப் பிழைக்கவைத்த கைகளின் தொழில் அது. 2019 மார்ச்சில் ஆல்பர்ட்டா நீதிமன்றம் அவருடைய தண்டனை முடிந்துவிட்டதென அறிவித்தது.

சமூகத்தில் மீண்டும் இணைத்தல் என்று ஆவணங்கள் கூறுவது இதைத்தான். அரசு பணம் தரலாம், மன்னிப்பும் கேட்கலாம், ஆனால் உணவு மேசையில் ஓர் இருக்கையை நகர்த்தி 'வந்து உட்கார்' என்று சொல்ல அரசால் இயலாது. அதைச் செய்ய மனிதர் வேண்டும். சிறார் படைவீரரைப் பற்றி உலகம் எழுதிய நெறிமுறைகள் யாவும், ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் தம் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் உயிர்பெறுகின்றன.

கனடா நாட்டின் அந்த வழக்கு நம்மை விட்டுத் தொலைவில் இருப்பதாக எண்ணவேண்டாம். நம்மிடையேயும் தந்தையின் பழியைச் சுமக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு பெயரால், ஓர் ஊரால், ஒரு குற்றச்சாட்டால் ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு உரியதை மறுக்குமுன், நாம் வைத்திருக்கும் ஏட்டைத் திறந்து பார்ப்போம். அவர்கள் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும். நாம் அவர்களுக்குச் செய்தது மறுபக்கம் இருக்கட்டும். அவர்களால் துன்புற்றோருக்கு நாம் ஆற்றவேண்டிய கடனும் அவ்வேட்டிலேயே எழுதப்படட்டும். எந்தப் பக்கத்தையும் கிழிக்காமல் வாசிக்கக் கற்ற சமூகமே, போரின் பிள்ளைகளை மீண்டும் தன் பிள்ளைகளாக ஏற்கும் வலிமை பெறும்.